மடத்து மேட்டில் ஊற்றிய தண்ணீர்

தலைமை தாங்கும் அரிசி மண்டி சுப்புராஜ் அண்ணாச்சி அவர்களே! மேடையிலுள்ள பெரியோர்களே! அம்மையாரோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ஆசிரியை ரோஸ்மேரி அவர்களே! தங்கையை இழந்த துக்கத்தோடு, கல்மண்டபத்துக் கருப்பட்டிக் கடையை அடைத்துவிட்டு வந்து முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் ஞானதுரை அவர்களே! கண்ணாடித் தொழிற்சாலைப் பொறியாளர் குமாரவேல் அவர்களே! நெட்டுக்குப்பத்திலிருந்து மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு நடந்தே வந்திருக்கும் தாய்மார்களே! மடத்து மேடு ஆராய்ச்சிக் கழகத்தின் செயலாளன் உங்கள் அனைவருக்கும் கை கூப்புகிறேன்.

தாய்மார்கள் ஏன் வாசலிலேயே நிற்கிறீர்கள்? உள்ளே வாருங்கள் அம்மா. நாற்காலி போதாவிட்டால் பாய் விரிக்கச் சொல்கிறேன். கன்னியம்மா, முதலில் நீங்கள் வாருங்கள், மற்றவர்கள் தாமாக வருவார்கள். இன்றைய கூட்டத்தில் உங்களை வெளியே நிறுத்தினேன் என்று தெரிந்தால் அந்த அம்மாள் என்னோடு பேசவே மாட்டார்.

பேச மாட்டார்! பார்த்தீர்களா, என் வாய் இன்னும் அவர் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு பேசுகிறது. செல்வி தங்கபுஷ்பம் அம்மையார் மறைந்துவிட்டார் என்று பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தவன் நான்தான். எழுதிய கைக்குத் தெரிந்தது இந்த வாய்க்கு இன்னும் தெரியவில்லை.

இரங்கல் கூட்டத்தில் எழுந்து நிற்பவன் என்ன செய்வான்? மறைந்தவரை மலை என்பான், கடல் என்பான், ஈடு இணையற்ற என்று ஆரம்பிப்பான். எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. ஆயுள் முழுக்கத் தமிழாசிரியனாக இருந்தவன் அல்லவா! ஆனால் இன்று அப்படி ஆரம்பிக்கலாம் என்று வாயைத் திறந்தால், அந்த அம்மாள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே, "புலவர் ஐயா, அது நமக்குத் தெரியுமா?" என்று கேட்கிறார். அது நமக்குத் தெரியுமா? இந்த ஒரு கேள்வியைக் கேட்டு எத்தனை மேடைகளில் என்னை உட்கார வைத்திருக்கிறார்! ஆகவே எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

வெளியூர்க்காரர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்காக ஒரு வார்த்தை. எண்ணூர்க் கழிமுகத்துக்கு இந்தப் பக்கம், நெட்டுக்குப்பம் போகும் வழியில், முட்செடியும் செங்கல் பொடியுமாக ஒரு மேடு இருக்கிறது. மடத்து மேடு என்பார்கள். சோழர் காலத்தில் அங்கே சைவத் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது என்பதற்கு ஓர் உடைந்த கல்வெட்டு சாட்சி. அந்தக் கல்லில் மடத்தின் பெயர் பாதி இருக்கிறது, மன்னன் பெயர் பாதி இருக்கிறது. மீதிப் பாதியை எங்கள் விருப்பம்போல் நிரப்பிக்கொண்டு, "ஒரே மன்னன் ஒரே மூச்சில் எழுப்பிய பெருமடம்!" என்று நாங்கள் மேடைதோறும் முழங்கிக்கொண்டிருந்தோம். கைதட்டலுக்கும் குறைவில்லை.

இப்படி முழங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் மேட்டுக்கு ஆபத்து வந்தது. புதிதாக வரும் கண்ணாடித் தொழிற்சாலைக்கு அந்த நிலம் போயிற்று. மேட்டைச் சமன் செய்து, அதன் மேல் உலைக்கூடம் கட்டத் திட்டம். ஓடினோம், மனுக் கொடுத்தோம். "கீழே மடம் இருக்கிறதென்றால் காட்டுங்கள், அந்த இடத்தை விட்டுவிட்டுக் கட்டுகிறோம். ஆனால் தோண்டிக் குதறக் கூடாது" என்றார்கள் தொழிற்சாலைக்காரர்கள். தோண்டாமல் எப்படிக் காட்டுவது? பாட்டுப் பாடினால் சுவர் எழுந்து நிற்குமா?

அப்போது சுப்புராஜ் அண்ணாச்சிதான் சொன்னார். "நம்ம ஞானதுரை தங்கச்சி காலேஜுல பௌதிகம் சொல்லிக் குடுக்கா. எங்க ஊர்ப் பக்கம் கெணறு வெட்டணும்னா, ஒரு பொட்டிய வச்சுக்கிட்டு எங்க தண்ணி கெடக்குன்னு பாத்துச் சொல்லுவா. கேட்டுப் பாப்போமே?"

கேட்டோம். அடுத்த ஞாயிறே வந்துவிட்டார். வெள்ளைக் கைத்தறிப் புடவை, ஆண்பிள்ளைக் குடை, ஒரு மரப்பெட்டி, நான்கு இரும்புக் கம்பிகள். கம்பிகளை வரிசையாக மண்ணில் அடித்து, ஒயரால் பெட்டியோடு இணைத்து, பெட்டியின் கைப்பிடியைச் சுற்றினால் மின்சாரம் மண்ணுக்குள் போகும். ஈரமண் மின்சாரத்தை விட்டுவிடும். செங்கல்லும் கல்லும் தடுக்கும். பெட்டியில் முள் ஏறினால் கீழே சுவரோ தளமோ இருக்கலாம். இறங்கினால் ஈரமோ பழைய பள்ளமோ இருக்கலாம். "அவ்வளவுதான் ஐயா" என்றார். அவ்வளவுதானாம்! எண்ணூர் வெயிலில், கம்பியைப் பிடுங்கிப் பிடுங்கி நட்டு, மேடு முழுவதையும் கட்டம் கட்டமாக அளப்பது அவருக்கு அவ்வளவுதான்.

கிறிஸ்தவப் பெண்ணுக்குச் சைவ மடத்தில் என்ன வேலை என்று கேட்டவர்கள் உண்டு. சிலர் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள், நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அம்மையாரிடமே ஒருவர் கேட்டுவிட்டார். "காலையில சர்ச்சுக்குப் போயிட்டுத்தானே வர்றேன், அதுக்கப்புறம் வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கம்பியை நகர்த்தினார். கோபமே இல்லை. எனக்குத்தான் கோபம் வந்தது.

நான் சொல்ல வந்த கதை இனிமேல்தான்.

மேட்டின் ஓரங்களில் கம்பி இறங்கியது. நடுவில் இறங்கவில்லை. கம்பி அடிக்க வந்த வியாசர்பாடி ஜெயவேல், சம்மட்டி பிடித்துப் பழகிய கை, அவருக்கே சட்டை நனைந்துபோயிற்று. அந்த ஞாயிறு முழுதும் நடுமேட்டில் ஒரு வரிசைகூட முடியவில்லை. அம்மையாரும் மண்டியிட்டு உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். மீன் விற்றுவிட்டுத் திரும்பிய குப்பத்துப் பெண்கள் நின்று பார்த்தார்கள். அவர்களுக்கு அம்மையார் தம் அண்ணன் கடைக் கருப்பட்டியை உடைத்துக் கொடுத்தார். அவர்கள் வாயில் போட்டுக்கொண்டு போனார்கள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன அதிசயம்! நடுமேட்டில் கம்பி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கிற்று. பெட்டியின் முள்ளோ சடாரென்று விழுந்தது. ஓர் இடத்தில் அல்ல. வரிசையாக, நேர்கோட்டில், நான்கு பக்கமும் அளந்து வெட்டியதுபோல் நீள்சதுரமாக! ஓரத்தில் தடை, உள்ளே ஈரம். இது என்னவாக இருக்கும்? மடத்தின் நடுவே நீள்சதுரமாகத் தண்ணீர் நின்ற இடம் என்னவாக இருக்கும்? குளம்! திருக்குளம்! அம்மையாரே, "அளவைப் பார்த்தால் குளமாக இருக்கலாம்" என்றார். அந்த "இருக்கலாம்" எங்கள் காதில் ஏறவே இல்லை. நான் பத்துப் பாட்டில் ஒரு குளப் பதிகமே பாடிவிட்டேன். இதே மண்டபத்தில் அரங்கேறியது. குமாரவேல் அவர்களின் நிறுவனத்தாரும், "கோயில் குளத்தைத் தூர்த்த பாவம் நமக்கு வேண்டாம்" என்று, நடுமேட்டை விட்டுவிட்டு உலைக்கூடத்தைத் தள்ளிப் போட ஒப்புக்கொண்டார்கள். மடத்து மேடு பிழைத்தது. நாங்கள் ஜிலேபி வாங்கித் தின்றோம்.

வைகாசியில் ஒரு நாள், அம்மையார் கம்பிகளைத் துடைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் குடை பிடித்துக்கொண்டிருந்தேன். கன்னியம்மா கூடையோடு வந்து நின்றார். அவர் பேசியதை அவர் பேசியபடியே சொல்கிறேன், யாரும் சிரிக்கக் கூடாது.

"இன்னா டீச்சரம்மா, இப்ப கம்பி சுளுவா எறங்குதா?"

"இறங்குது கன்னியம்மா. உங்க ஊர் மண்ணு இளகிருச்சு."

"மண்ணு எங்க எளகும்? நாங்க எளக்கினோம்! நீ அந்த வெயில்ல குந்திகினு அல்லாடிகினு கீறியேன்னு மன்சு கேக்கல. ஞாயித்துக்கெயமன்னா விடியசொல்லோ பொம்பளைங்க அல்லாரும் கழித் தண்ணிய மொண்டுகினு வந்து, எங்க கெட்டியா கீதோ அங்க பாத்து ஊத்திட்டுப் பூட்டோம். நீ வர்றதுக்குள்ள மேல காஞ்சிப் பூடும்."

அம்மையார் எழுந்து நின்றார். "எனக்காகவா?" என்று கேட்டார்.

"பின்ன யாருக்கு? இந்த ஐயருக்கா?" என்று கன்னியம்மா என்னைக் காட்டினார். நான் ஐயர் இல்லை, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அம்மையார் மீன் வாடை வீசிய அந்த இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வழியச் சிரித்தார். கன்னியம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி. அவர் போன பிறகு அம்மையார் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். உப்புத் தண்ணீர் பட்டால் முள் விழாமல் என்ன செய்யும்? பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "புலவர் ஐயா, பாட்டு ரொம்ப நல்லா இருந்துச்சு. குளம்தான் இல்ல."

என்ன செய்வது? குளத்தை நம்பித்தான் மேட்டை விட்டிருக்கிறார்கள். குளம் இல்லையென்றால் மேடும் இல்லை. கழகம் அவசரமாக அரிசி மண்டியில் கூடியது. தலைவர் அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, நடந்ததைச் சொல்கிறேன். அண்ணாச்சி மூட்டை மேல் உட்கார்ந்தபடி, "அம்மா, குளம்னு எழுதியாச்சு, அவனும் ஒத்துக்கிட்டான். இப்பப் போயி ஏன் கெடுக்கிய? தண்ணி ஊத்தினது நமக்கும் அந்தப் பொம்பளையளுக்கும்தான் தெரியும். சும்மா இருந்தா மேடு நிக்கும்லா?" என்றார். இது பொய்யின் மேல் இருந்த ஆசை இல்லை. மேட்டின் மேல் இருந்த ஆசைதான். எங்களில் பாதிப் பேர் தலையாட்டினோம்.

அம்மையார் தங்கள் ஊர்ப் பேச்சிலேயே பதில் சொன்னார். "மேடு நிக்கும் அண்ணாச்சி. ஆனா இல்லாத குளத்துக்குல்லா நிக்கும்? உள்ள நெசமா என்ன கெடக்கோ, அதை யாரும் பாக்கவே மாட்டாவ. இருக்கிற மடத்தை நாமளே மூடின மாதிரில்லா ஆயிரும்?"

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. மறுநாள் அவர் தொழிற்சாலைக்குப் போனபோது துணைக்கு நானும் போனேன். குமாரவேல் அவர்களே, உங்கள் தகரக் கொட்டகையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அம்மையார் எதையும் மறைக்கவில்லை. தண்ணீர் ஊற்றியதைச் சொன்னார், குளம் இல்லை என்றார். நீங்கள் வரைபடத்தைப் பார்த்தீர்கள், அவரைப் பார்த்தீர்கள். "அப்போ அந்த எடத்தை நான் எதுக்கும்மா விடணும்?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

"விடணும்னு சொல்ல இப்ப என்கிட்ட எதுவும் இல்ல சார்" என்றார் அம்மையார். "கீழே என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஒரு மழைக்காலம் போய் உப்பெல்லாம் கழுவணும், திரும்ப மண்ணு காயணும். அடுத்த பங்குனி வரைக்கும் பொறுத்தீங்கன்னா தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுவேன். பொறுக்க முடியாதுன்னா உங்களைக் குறை சொல்ல மாட்டேன்."

குமாரவேல் அவர்கள் பேனாவை மூடி வைத்தார். "என்கிட்ட வர்றவங்க எல்லாம் அவங்க பக்கத்து நியாயத்தோடதான் வருவாங்க. நீங்க என் பக்கத்து நியாயத்தையும் சேத்துக் கொண்டாந்திருக்கீங்க. தெற்கால இருந்து வேலைய ஆரம்பிக்கிறேன். பங்குனி வரைக்கும் இந்தப் பக்கம் வரமாட்டேன்" என்றார். ஐயா, சொன்னபடி நடந்தீர்கள். இந்த மண்டபம் உங்களுக்கு நன்றி சொல்கிறது.

அந்த ஒரு வருஷம் மேட்டைக் காத்தது யார்? நாங்களா? இல்லை! தாங்கள் செய்த உதவியால் அம்மாவுக்குக் கஷ்டம் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, இந்தத் தாய்மார்கள் அழுதார்கள். அம்மையார் குப்பத்துக்கே போனார். "எனக்கு யாரும் இப்படிச் செஞ்சதில்ல. நீங்க அழுதா நான் இனிமே வரமாட்டேன்" என்று சொன்னார். அன்றிலிருந்து ஈரக்கூடையோடு மேட்டின் குறுக்கே யாரும் நடக்கவில்லை, சுற்றிக்கொண்டு போனார்கள். மழை நின்றதும் காவல் இன்னும் கடுமையாகிவிட்டது. ஒரு நாள் நான் போயிருந்தபோது, கன்னியம்மா ஓர் ஆட்டைக் கல்லால் அடித்து விரட்டிக்கொண்டிருந்தார். என்னம்மா என்றேன். "மூத்தரம் பேஞ்சிடப் போவுது சாமி! அப்பால டீச்சரம்மா முள்ளு பேஜாரு பண்ணும்" என்றார். நீங்கள் சிரிக்கலாம், இதற்குச் சிரிக்கலாம். அம்மையாரும் சிரித்தார்.

பங்குனி வந்தது. மண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. நடுமேட்டில் ஜெயவேல் கம்பியை அடித்தார், முன்போலவே இறங்க மறுத்தது. அம்மையார் கைப்பிடியைச் சுற்றினார். முள் ஏறியது! போன வருஷம் எங்கெல்லாம் விழுந்ததோ, அங்கெல்லாம் ஏறியது! குளம் என்று நாங்கள் வரைந்த அதே நீள்சதுரம், அதே நான்கு மூலை. நடந்தது விளங்குகிறதா உங்களுக்கு? கீழே சுண்ணாம்புத் தளம் இருந்த இடத்தில்தான் மண் கெட்டி. கெட்டியான இடத்தில்தான் தாய்மார்கள் தண்ணீர் ஊற்றினார்கள். கோடு சரிதான், உள்ளே இருந்ததுதான் குளமல்ல.

குமாரவேல் அவர்கள் தாமே வந்து பார்த்து, இரண்டு இடத்தில் மட்டும் தோண்டிக்கொள்ளச் சம்மதித்தார். சாம்பல் வந்தது. கரி பிடித்த பானை ஓடுகள் வந்தன. வரிசையாக அடுப்புக் கற்கள் வந்தன. மடைப்பள்ளியும் உண்ணும் கூடமும்! அதைவிடப் பெரிய செய்தி சுவர்களில் இருந்தது. அம்மையார் என் கையைப் பிடித்துக் குழிக்குள் இறக்கிக் காட்டினார். ஒரு சுவர் இன்னொரு சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, ஆனால் கல்லோடு கல் பின்னவில்லை. அப்படியென்றால் இது முன்னால் கட்டியது, அது பின்னால் வந்து ஒட்டியது. முதலில் பெரிய செங்கல்லில் ஒரு சின்ன அடுப்படி. பிறகு ஒரு சுவரை இடித்து, வேறு அளவுச் செங்கல்லால் நீட்டியிருக்கிறார்கள். பிறகு இன்னும் நீட்டியிருக்கிறார்கள். கடைசியாக, உடைந்த தூண்களையே அடுக்கி மறுபடியும் நீட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் வழிபாட்டு அறை ஒன்று. அது முதல் நாள் எழுந்த அளவிலேயே கடைசிவரை நின்றிருக்கிறது.

ஒரே மன்னனாவது, ஒரே மூச்சாவது! என் ஆயுட்காலப் பேச்சு முழுவதும் அந்தக் குழிக்குள் போயிற்று. எனக்கு வருத்தமா? இல்லவே இல்லை. நான் குழிக்குள் நின்றபடியே, "ஆகா! பசித்தவர் பெருகப் பெருக அடுப்பைப் பெருக்கிய மடம்!" என்று ஆரம்பித்தேன். மேலேயிருந்து குரல் வந்தது. "புலவர் ஐயா, அது நமக்குத் தெரியுமா? அடுப்படி மூணு தடவை வளர்ந்திருக்குன்னு எழுதுங்க. ஏன் வளர்ந்துச்சுன்னு செங்கல் சொல்லல." எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அன்று மாலை ரயிலடிக்கு நடந்து போகும்போது அவரே மெதுவாகச் சொன்னார்: "நீங்க சொன்ன மாதிரி இருந்தா நல்லாத்தான் இருக்கும் ஐயா." அதை நான் எங்கும் எழுதவில்லை. இன்று சொல்லிவிட்டேன்.

உலைக்கூடம் இடம் மாறியது. மதில் வளைந்து போயிற்று. நடுமேடு நிற்கிறது! இன்று போனாலும் பார்க்கலாம். குளத்துக்காக அல்ல, உள்ளே இருக்கும் மடத்துக்காக நிற்கிறது.

வடக்கு மூலை மட்டும் மிச்சம் இருந்தது. மழைக்குப் பிறகு அளக்கலாம் என்றிருந்தார். ஐப்பசியில் மஞ்சள் காமாலை என்று படுத்தார். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கண் மஞ்சளாகிப்போயிருந்தது. தலைமாட்டில் அவர் வரைந்த மேட்டின் படம். அளந்த இடமெல்லாம் கோடு, வடக்கு மூலை மட்டும் வெறும் வெள்ளை. அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, "மடத்தை நிறுவிய பெரியவரின் சமாதி அங்கேதான் இருக்கும் அம்மா, எனக்குத் தோன்றுகிறது" என்றேன். தலையணையில் தலையைத் திருப்பிப் பார்த்தார். அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, கேட்கத் தெம்பில்லை. "வெள்ளையாவே இருக்கட்டும் ஐயா" என்றார். என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது அதுதான். நாற்பத்து நான்கு வயது! ஞானதுரை அவர்களே, உங்களுக்கு நாங்கள் என்ன ஆறுதல் சொல்வது? உங்கள் தங்கை எங்களுக்கும் தங்கைதான், நாங்களும் அழுதுகொண்டுதான் இருக்கிறோம்.

இந்தக் கூட்டத்தின் முன் உறுதி சொல்கிறேன். வருகிற பங்குனியில், மண் காய்ந்த முதல் ஞாயிறன்று, வடக்கு மூலையில் கம்பி இறங்கும். பெட்டியை ரோஸ்மேரி அம்மையார் ஏற்றுக்கொண்டிருக்கிறார். அதுவரை அந்த மூலையில் கடப்பாரை படாது என்று குமாரவேல் அவர்கள் இன்று காலை என்னிடம் சொல்லியிருக்கிறார். அளக்கும் வரையில் அந்த வெள்ளையை என் ஆசையால் நிரப்ப மாட்டேன். அங்கே சமாதி வரட்டும், குப்பைக்குழி வரட்டும், ஒன்றுமே வராமலும் போகட்டும், வந்ததை எழுதுவோம். எங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்றே எழுதுவோம்.

ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம் நடந்த அன்று, பாதிரியார் ஜெபம் முடித்தார், மண்ணும் மூடியாயிற்று. எல்லாரும் பூப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். நெட்டுக்குப்பத்துத் தாய்மார்கள் மட்டும் ஓரமாக நின்றார்கள். கன்னியம்மாவின் இடுப்பில் ஒரு குடம். புது மண் மேல் ஊற்றி அமர்த்தலாம் என்று குழாயில் பிடித்துவந்திருக்கிறார். கிட்டத்தில் வந்தவர், குடத்தைச் சாய்க்கப் போனவர், கையை நிறுத்திக்கொண்டார். என் பக்கம் திரும்பினார்.

"சாமி, இங்க ஊத்தலாமா? இங்க அம்மா கம்பி வெக்காதில்ல?"

ஊற்றலாம் என்று தலையசைத்தேன். அவர் ஊற்றினார்.